மணலில் முன்னே போகிறவர்

உடன்குடி

அருமை மகள் மீனாட்சிக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

ஷார்ஜாவில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்களும் நீயுமாகச் சேர்ந்து, அடுத்த மாதம் ஒரு விடுமுறை நாளில் லஹ்பாப் மணற்குன்றுகளுக்குப் போய், குவாட் பைக் என்கிற அந்த நாலு சக்கர மோட்டார் வண்டிகளை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டி ஒருவரின் பின்னே மணலில் ஓட்டிப் பார்க்க உத்தேசித்திருப்பதாகவும், உன் தாயார் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றும், பெரியப்பா சொல்கிறபடி நடப்பதாக அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். போகலாம் என்பதுதான் என் பதில். அதை உன் தாயாரிடமும் சொல்லிவிட்டேன், அவளும் அரைமனதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தத் தேசத்தில் சாலை போடும் கம்பெனி ஒன்றில் சர்வேயராக இருந்து, அந்த மணலை அளப்பதிலேயே என் நடுவயதைக் கழித்தவன் என்கிற உரிமையில், போகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் வண்டியின் சுபாவம். 1970-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி இந்த இனத்து வண்டியை மூன்று சக்கரத்தோடுதான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது திரும்புகிற இடமெல்லாம் கவிழ்ந்து, சிறு பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டும் அங்கஹீனம் அடைந்தும் போன பிற்பாடு, 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தும்படி ஆயிற்று. நான்காவது சக்கரம் வந்ததும் ஆபத்து குறைந்ததே தவிர ஒழியவில்லை. நாலு சக்கரம் இருப்பதால் இது காரைப்போல் தரையில் நிற்கும் என்று எண்ணுவதுதான் புதிதாக ஓட்டுகிறவர்களின் பெரிய பிரமை. அகலம் குறைவு, நீளம் குறைவு, எடையோ நாலைந்து ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய அளவு. அந்த எடையெல்லாம் உயரத்தில் இருக்க, அதற்கும் மேலே நீ உட்கார்ந்திருப்பாய். கவிழ்ந்தால் அது உன்மேல்தான் கவிழும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. உன் ஸ்கூட்டரில் கைப்பிடியைத் திருகினால் வேகம் கூடும். இதிலோ வலது கைப்பிடிக்கு அருகிலுள்ள சிறு விசையைக் கட்டைவிரலால் அழுத்தவேண்டும். பயந்துபோன மனிதன் எதைப் பிடித்திருக்கிறானோ அதை இறுக்கிப் பிடிப்பது இயற்கையாதலால், வண்டி சற்றுத் துள்ளியதும் கை இறுகும், கை இறுகினால் கட்டைவிரலும் அழுந்தும், எந்த நேரத்தில் வேகம் குறையவேண்டுமோ அந்த நேரத்திலேயே வண்டி பாய்ந்து போகும். ஆகவே குன்றின் பக்கம் போவதற்கு முன் சமதரையில் பத்து நிமிஷமாவது ஓட்டி, கட்டைவிரலை எடுப்பதைக் கைக்குப் பழக்கமாக்கிக்கொள். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்க மனமில்லாத கம்பெனியின் வண்டியில் ஏறாதே. எஞ்சினை நிறுத்தும் சாவியோடு சேர்ந்த சிறு கயிறு சில வண்டிகளில் இருக்கும். அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் நீ விழுந்ததும் வண்டி நின்றுபோகும். சாய்கிற மாதிரி தோன்றும்போது காலைத் தரையில் ஊன்றலாகாது. பின்சக்கரம் அந்தக் காலின்மேலேயே ஏறும். துப்பட்டாவை ரூமிலேயே வைத்துவிட்டுப் போ. நம் ஊர்ப் பெண்கள் மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு பட்ட அவஸ்தையை நீ கண்டிருக்கிறாய். இதில் சக்கரம் இன்னும் பெரிது, இன்னும் அருகில். பின்னலையும் சட்டைக்குள் செருகிக்கொள்.

இனி மணலைப் பற்றிச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் வழிகாட்டி சொல்வதில் பாதி அவர் சொல்லாமலே உனக்கு விளங்கிவிடும்.

மணற்குன்று என்பது குவித்துவைத்த குவியல் அல்ல. காற்று ஓயாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை. முறத்தில் புடைப்பதுபோல, காற்று தூசியை வெகுதூரத்துக்குப் பறக்கவிட்டு, கனமான கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நடுத்தரமான மணலை மாத்திரம் சிறு சிறு குதியாகக் குதிக்கவைத்து நகர்த்துகிறது. இந்தக் குதிப்பை ஆராய்ந்து விளக்கினவர் பாக்னால்ட் என்கிற ஆங்கிலேய ராணுவ எஞ்சினீயர். எகிப்து, லிபியா பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டித் திரிந்து, பின்னர் லண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றில் மணலை ஊதிப் பரீட்சித்து, 1941-இல் புத்தகமாக வெளியிட்டார். மணலில் போகிறவர்கள் டயரின் காற்றைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தை அந்தக் காலத்திலேயே கைக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். நீ ஏறப்போகும் வண்டியின் கொழுத்த டயர்களிலும் காற்று மிகக் குறைவாகவே இருக்கும்; அமுங்கிப் பரந்து மணல்மேல் மிதக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி.

காற்று வரும் பக்கத்தில் குன்றின் சரிவு மெதுவாக, ஏறுவதற்கு அழைப்பது போலவே இருக்கும். மறுபக்கமோ மணல் முகட்டைத் தாண்டி விழுந்து விழுந்து, தன்னால் நிற்கக்கூடிய மட்டும் செங்குத்தாக, சுமார் 32 முதல் 34 பாகை வரை நிற்கும். அதற்குமேல் ஒரு பிடி மணல் சேர்ந்தாலும் சரிந்துவிடும். மெதுவான பக்கத்தில் ஏறுகிறவளுக்கு எதிரே முகடும் ஆகாசமுமே தென்படும். முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அங்கே போய் நிற்கிற வரைக்கும் தெரியாது. அப்பால் செங்குத்தான சரிவு இருக்கலாம், பள்ளத்தில் இன்னொரு வண்டி சிக்கி நிற்கலாம், அதன் பக்கத்தில் அதை ஓட்டிவந்தவர் உட்கார்ந்திருக்கலாம். வண்டிகளின் பின்னால் நீண்ட கம்பில் ஒரு சிறு கொடி ஆடுவதை அலங்காரம் என்று நினைத்துவிடாதே. வண்டியும் ஆளும் முகட்டுக்கு மறைவிலிருக்கும்போது மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

பாலைவனத்தில் நடக்கும் விபத்துகளில் நான் கேள்விப்பட்டவை பெரும்பாலும் இந்த முகட்டில் நேர்ந்தவையே. வேகத்தோடு ஏறி, முகட்டில் தாமதிக்காமல், அப்பால் பார்க்காமல் பறந்தவர்களின் கதைகள் அவை. அவர்களில் அநேகர் வழிகாட்டியோடு வந்தவர்கள்தாம். வழிகாட்டி முன்னே போயிருக்கிறார், இவர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். இக்கடிதம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க உன்னால் முடியுமென்றால், வழிகாட்டியின் சக்கரத் தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாதே என்பதை நினைவில் வை. அவர் முகட்டில் நின்று, பார்த்து, கையை அசைத்தபின் ஒருவர் போக, அவர் கீழே இறங்கி ஒதுங்கியபின் அடுத்தவர் போகவேண்டும். முன்னே போகிறவரை முந்துவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை.

வழிகாட்டிக்குப் பின்னே போவது சாகசத்துக்கு இழுக்கு என்று உன் தோழிகளில் யாராவது நினைத்தால், சரித்திரத்திலிருந்து இரண்டு பெயர்களை எடுத்துச் சொல். மஸ்கட் சுல்தானுக்கு மந்திரியாக இருந்த பெர்ட்ரம் தாமஸ், ருப் அல் காலி என்கிற பெரும் பாலைவனத்தை ஐரோப்பியர்களில் முதன்முதலாகக் கடந்தது 1931-இல். தெஸிஜர் என்கிற இன்னோர் ஆங்கிலேயர் 1946-க்கும் 1948-க்கும் இடையே அதே பாலைவனத்தை இருமுறை கடந்தார். இருவருமே பாலைவன நாடோடிகளான ரஷீத் குலத்து பதூவின் மக்களை நம்பி, அவர்கள் காட்டிய வழியில், அவர்கள் சொன்ன கிணற்றுக்கு, அவர்கள் சொன்ன நாளில் போய்ச்சேர்ந்தவர்கள். பெயர் புத்தகத்தில் இவர்களுக்கு நின்றாலும், மணலைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த நாடோடிகள்தாம்.

உனக்கு அமையும் வழிகாட்டி பதூவினாக இருக்கமாட்டார். அநேகமாகப் பாகிஸ்தானிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ பிழைக்க வந்தவராக, உன் வயதையொத்தவராக இருப்பார். அவரை எப்படி மதிப்பிடுவது? முதலில் வாடகையைக் கொண்டு மதிப்பிடாதே. ஐம்பது திர்ஹாம் மிச்சமாகிறது என்பதற்காக ஆளையே பார்க்காமல் பணம் கட்டுவது இந்த விஷயத்தில் விவேகமல்ல. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி என்று கேள். நாலைந்துக்கு மேல் போனால் பின்னால் வருகிறவள் விழுந்தது முன்னால் போகிறவருக்குத் தெரியாது. உன் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட் இருக்கிறதா, மணல் கண்ணில் விழாதபடி கண்ணாடி தருகிறார்களா என்று பார். வந்ததும் வண்டியின் டயரையும் பிரேக்கையும் அவர் தொட்டுப் பார்க்கிறாரா? இதற்கு முன் ஓட்டியிருக்கிறாயா என்று கேட்கிறாரா? இவ்விரண்டையும் செய்கிறவர் எவ்வளவு கடுகடுப்பானவராக இருந்தாலும் அவரோடு போ. வந்தவுடனே ஒற்றைப் பக்கச் சக்கரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டி உங்களைச் சிரிக்கவைக்கிறவர் எவ்வளவு இனியவராக இருந்தாலும், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடு. கையெழுத்து வாங்குகிற காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதே; உன் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸில் இம்மாதிரி வண்டிகளுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் முன்கூட்டியே விசாரி.

ஓட்டுகிற முறையை அவரே சொல்லித்தருவார். நான் இரண்டொன்று மாத்திரம் சொல்கிறேன். குன்றில் ஏறும்போது நேராக ஏறு, உடம்பை முன்னே சாய்த்துக்கொள். இறங்கும்போதும் நேராக இறங்கு, உடம்பைப் பின்னே தள்ளி, வேகவிசையைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும் என்று விடு. சரிவுக்குக் குறுக்கே ஒருபோதும் திருப்பாதே. பாதி ஏறி வண்டி திணறினால் பதற்றத்தில் வளைத்துத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். கவிழ்வதற்கு அதைவிட நிச்சயமான மார்க்கம் கிடையாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடு, கையைத் தூக்கு, அவர் வருவார். அப்படி நிற்பதில் அவமானம் ஏதுமில்லை.

மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே போகக்கூடாது; நீங்கள் ஜனவரியில் போவதால் வெயிலைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. தண்ணீர் மாத்திரம் தாராளமாக வைத்துக்கொள். ஆனால் குளிர்காலமாயினும் நடுப்பகலில் போகாதே. அதற்குக் காரணம் சூடு அல்ல. சூரியன் உயர்ந்திருக்கும்போது நிழல் குறுகிவிடும், நிழல் குறுகினால் மேடும் பள்ளமும் ஏறக்குறைய ஒரே நிறமாகி, தேர்ந்த கண்ணையும் மணல் ஏமாற்றிவிடும். விடியற்காலையிலோ சாயங்காலத்திலோ ஒவ்வொரு மடிப்பும் கோடு கிழித்ததுபோல் தெரியும். விடியற்காலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பனி விழுந்து மேல்மணல் சற்றே இறுகியிருக்கும், வண்டி புதையாது. நாலு மணிக்கு எழுந்திருக்கச் சோம்பல்படாதே.

ஒரு மணி நேர வாடகையில் ஒரு கால்மணி நேரமாவது எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கும்படி வழிகாட்டியைக் கேட்டுக்கொள். பணம் கொடுத்த நிமிஷங்களை வீணாக்குவதா என்று உன் தோழிகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். லஹ்பாப் மணல் கடற்கரையோர மணலைப்போல் வெளுப்பாக இராது, துருவேறிய சிவப்பாயிருக்கும். மணலின்மேல் படிந்த இரும்பின் துருதான் அந்த நிறம். நம் குதிரைமொழித் தேரியின் சிவப்புக்கும் அதுவே காரணம். ஆடிக்காற்றில் தேரி மணல் நகர்வதைக் கண்டு வளர்ந்தவளுக்கு அங்கே பல விஷயங்கள் சொல்லாமலே புரியும். குன்றுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வான இடங்களில் தனித்தனியாக, கிளை தாழ்ந்து நிற்கும் மரத்தைப் பார். அவர்கள் அதை காஃப் என்கிறார்கள், அந்நாட்டின் தேசிய விருட்சம் அது. நம்முடைய வன்னி மரமேதான். விருத்தாசலத்தில் ஸ்தல விருட்சமாக இருந்து நாம் வலம் வந்த அதே மரம். மேலே ஒரு சொட்டு ஈரமில்லாத இடத்தில், வெகு ஆழத்துக்கு வேரை இறக்கித் தண்ணீரைத் தேடிக்கொண்டு, ஒட்டகத்துக்குத் தழையும் மனிதனுக்கு நிழலும் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. நான் சர்வே செய்த காலத்தில், சாலைக் கோடு அந்த மரத்தின்மேல் விழுந்தால் கோட்டை வளைக்கும்படி எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. நீயும் அதன் அடியிலோ மணலைப் பற்றிக்கொண்டு நிற்கும் குத்துச்செடிகளின் மேலோ வண்டியை ஏற்றாதே. அச்செடிகளின் வேரடியில்தான் பல்லிகளும் பாலைவன எலிகளும் பகலில் உறங்குகின்றன. எதிரே ஒட்டகம் வந்தால் வண்டியை நிறுத்தி, அது போனபின் போ. ஆளில்லாமல் திரிந்தாலும் அதற்கு உடையவன் ஒருவன் இருக்கிறான்.

கடைசியாக, அந்த வழிகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. “பாய்” என்று மரியாதையாகக் கூப்பிடு, சலாம் சொல்லு, எந்த ஊர் என்று விசாரி. அங்கே வருகிற அநேகர் அவரை வண்டியின் ஒரு பாகமாகவே நினைத்து, முகத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். புறப்படும்போது, தனியாகக் கொடுக்க நினைப்பதைக் கம்பெனி மேஜையில் வைத்துவிட்டு வராமல் அவர் கையிலேயே கொடு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் ஒரு கௌரவமான தொகையாகும்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும்
பெரியப்பா