நாய் உண்ணி கடித்தால் லைம் நோய் வருமா?

எங்கள் நாயின் உண்ணி மகளைக் கடித்துவிட்டது. லைம் நோய் வருமா?
– ஒரு வாசகி, செம்பூர்

பயப்படாதீர்கள். லைம் நோயைப் பரப்புவது அமெரிக்க, ஐரோப்பியக் காடுகளில் மலிந்த 'இக்சோடிஸ்' உண்ணி. மும்பை நாய்களின் காதிலும் விரலிடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணி அதைப் பரப்புவதில்லை.

ஆனால் உண்ணி டைபஸ் காய்ச்சலைப் பரப்பும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை செம்புள்ளிகளும் வந்தால், உண்ணி கடித்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுவர் வெடிப்புகளையும் அடையுங்கள். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது அங்கேதான்.

நாய் சோர்ந்து தீனி மறுத்தால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோயாக இருக்கலாம். பரேல் பாய் சக்கர்பாய் கால்நடை மருத்துவமனை போன்ற இடத்தில் உடனே காட்டிவிடுங்கள்.