மழைக்காலத்துக்கு ஒரு சோடி இறப்பர் பூட்ஸ்: பார்த்து வாங்குவது எப்படி?



ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்தவர்களுக்கு வருட முடிவில் வரும் வடகீழ்ப் பருவ மழைதான் பெரிய மழை. எந்தப் பக்கமாக இருந்தாலும் கான் வெட்டுகிறவர்கள், முள்ளுக் குத்துகிறவர்கள், லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவர்கள், மாட்டுப்பட்டி கழுவுகிறவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் சேற்றில் நிற்க வேண்டியிருக்கிறது. மழை தொடங்கினால் நம்மிடம் வரும் கேள்விகளில் ஒன்று பூட்ஸ் பற்றியது. "போன வருஷம் வாங்கினது ஆறு மாசத்துல வெடிச்சுப் போச்சுங்க. இந்தத் தடவை எதை வாங்குறது?" என்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் காசோ கொஞ்சம். கடையில் தொங்குவதோ பத்து விதம். ஆகவே இம்முறை பாடத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

காலுக்கு ஏன் இவ்வளவு கவனம்?

சேற்றுப்புண்ணை நாம் எல்லோரும் அறிவோம். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, பிளந்து, இரவெல்லாம் அரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலும், மாடு, பன்றி, நாய் போன்றவற்றின் சிறுநீரிலும் இருக்கும் ஒரு கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். காலில் உள்ள கீறல், வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக அது உடம்புக்குள் போகிறது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்த நோய் பெருமளவில் பரவியபோது 7000க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. வயல் செய்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் என்றாலும், இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களில் வயலும் இறப்பர்த் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே அங்குள்ள நம்மவர்கள் இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்க முடியாத உளைவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் மாத்திரை போட்டுப் படுத்துக் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும், "ரெண்டு கிழமையா கான் தண்ணிக்குள்ள வேலை செஞ்சேன்" என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை வைத்தியருக்குப் பெரிய உதவி. ஆபத்தான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை குடிக்கும் டொக்சிசைக்ளின் என்ற தடுப்பு மருந்தும் உண்டு. அதைக் கடையில் தானாக வாங்கிக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணித் தாய்மாருக்கு அது ஆகாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டை விழுந்த பூட்ஸ் பல சமயம் வெறுங்காலைவிட மோசமானது. வெறுங்காலில் பட்ட தண்ணீர் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். ஓட்டை பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீரோ காலை ஏழு மணி முதல் மாலை வரை புண்ணை ஊற வைத்துக்கொண்டே இருக்கும். மலிவு என்று வாங்கி, வெடித்த பிறகும் "இன்னும் கொஞ்ச நாள் போடலாம்" என்று போடுகிறோமே, ஆபத்து அங்கேதான்.

இறப்பரா, பி.வி.சி.யா?

கடையில் எல்லாவற்றையும் 'இறப்பர் பூட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவை இரண்டு சாதி.

ஒன்று, அசல் இறப்பரால் செய்தது. நம் ஆட்கள் விடியற்காலையில் பால் வெட்டி எடுக்கிற அதே இறப்பர்தான். (இந்த நாட்டுக்கு இறப்பர்க் கன்று 1876இல் வந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹேனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டது. அன்று முதல் பால் வெட்டுகிற கால்களில் எத்தனைக்கு ஒரு பூட்ஸ் கிடைத்தது என்பது வேறு கதை.) இது வளைந்து கொடுக்கும், குளிரிலும் விறைக்காது. கிழிந்தால் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுவது போல ஒட்டலாம். ஆனால் விலை கூட, பாரமும் சற்றுக் கூட. வெயிலும் மண்ணெண்ணெயும் இதற்கு எதிரி.

மற்றது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்தது. விலை குறைவு. எண்ணெய், மண்ணெண்ணெய் பட்டால் இறப்பர் போல ஊதிப்போகாது. ஆகவே ஸ்டோரில் இயந்திரப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் பட்டி கழுவுகிறவர்களுக்கும் இது போதும். மலை ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் தொல்லை. குளிரில் இது விறைக்கும். ஒவ்வொரு அடிக்கும் விரல்களுக்குப் பின்னால் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, அந்த மடிப்பிலேயே வெடிக்கும். வெடித்தால் சாதாரண இறப்பர் சொலுஷன் அதில் நின்று பிடிக்காது.

தட்டையான இடத்தில் வேலை என்றால் பி.வி.சி., சரிவான மலையில் தினமும் நடை என்றால் இறப்பர் என்பது எங்கள் அபிப்பிராயம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, மூக்கருகே பிடித்துப் பாருங்கள். டயர் கடை வாசம் வந்தால் இறப்பர். புது மழைக்கோட்டு வாசம் வந்தால் பி.வி.சி.

கடையில் வெட்கப்பட வேண்டாம்

கடைக்காரர் பையில் போட்டுத் தருவதை அப்படியே வாங்கி வருவது நம்மவர்களின் பழக்கம். காசு நம்முடையது, ஆகவே பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். முதலில் விரலுக்குப் பின்னால் மடிகிற இடத்தை இரண்டு கையாலும் நன்றாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தாலும், தலைமயிர் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலும் வைத்துவிடுங்கள். அது கடையிலேயே பழசாகிப்போன சாமான். மலிவு விற்பனையில் வருவதில் இப்படி இருக்கும். அடுத்தது அடிப்பாகமும் மேல்பாகமும் சேருமிடம். சுற்றிவர நகத்தால் நெம்பிப் பார்க்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் துணி உள்ளுறை சுருங்கி இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

அடியில் உள்ள கட்டைகள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமான சின்னக் கோலம் போட்ட அடியில் மலைச் சேறு அப்பிக்கொள்ளும், பிறகு கண்ணாடி மேல் நடப்பது போலத்தான். முள்ளை மிதித்து இறக்குகிறவர்கள் பாதத்தின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த இடம் தளதளவென்று இருந்தால் மாலையில் பாதம் பேசும். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் மரம் வெட்டுகிறவர்களுக்கு நல்லது. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது வீண் பாரம், வீண் செலவு.

அளவு பார்ப்பதற்குப் பின்நேரம் போவது நல்லது. நாளெல்லாம் நின்ற கால் கொஞ்சம் பருத்திருக்கும். வேலைக்குப் போடும் மேசோடு காலுறையைக் கையோடு கொண்டுபோய், போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் உள்ளே ஏறி இறங்கக் கூடாது. இரண்டு காலுக்கும் போட்டு, கடைக்குள் நடந்து, ஒரு தடவை குந்தி எழும்பிப் பார்க்க வேண்டும்.

நமது அக்காமார், தங்கச்சிமாரின் குறை நியாயமானது. "இதைப் போட்டுக்கிட்டு மலை ஏற ஏலாதுங்க, கால் உள்ளுக்கு ஆடுது" என்கிறார்கள். கடையில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள் அளவு. பெண் காலுக்குப் பெரிய பூட்ஸ் கொப்புளம் போடும், சறுக்கியும் விடும். துணி அடைத்துச் சமாளிப்பது சரிவில் ஆபத்து. சின்ன அளவு இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் காதில் ஏறாது. லயத்தில் ஆறேழு பேர் சேர்ந்து கேட்டால் வரும், விலையும் கொஞ்சம் இறங்கும். உயரத்தைப் பொறுத்தவரை, கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் நடுவரை வருவதே வசதி. முழங்கால் வரை வருவது கானுக்குள் இறங்குகிறவர்களுக்கு.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்ஸ் மட்டும் அட்டையைத் தடுக்காது, அது மேலே ஏறி உள்ளே இறங்கிவிடும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை பை போலத் தைத்து, மேலே நாடாவால் கட்டி, அதற்கு மேல் பூட்ஸைப் போட்டால் அட்டைக்குக் கடிக்க இடம் கிடைக்காது. தையல் தெரிந்தவர் ஒரு மாலையில் இரண்டு சோடி தைக்கலாம்.

காசுக் கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறுகிறது. ஆகவே கணக்குக்காக மட்டும் இரண்டு விலை எடுத்துக்கொள்வோம். 2400 ரூபா பூட்ஸ் 8 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 300 ரூபா. 4200 ரூபா பூட்ஸ் 20 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 210 ரூபா. விலை கூடியதுதான் இங்கே மலிவு. ஆனால் விலை கூடியது எல்லாம் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. பெயருக்கும் பெட்டிக்கும் சேர்த்து விலை வைப்பவர்களும் உண்டு. மேலே சொன்ன மடிப்புச் சோதனையை இரண்டுக்கும் செய்து பாருங்கள்.

மொத்தக் காசு ஒரே நாளில் கையில் இராது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சில லயங்களில் பெண்கள் பாத்திரச் சீட்டுப் பிடிப்பது போல பூட்ஸ் சீட்டும் பிடிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் மாதம் ஒருவருக்குக் கிடைக்கும், கானில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளி முற்பணத்தில் வாங்குவது ஊவாப் பக்கத்தவர்களுக்குச் சரி, அவர்களுடைய மழை அதற்குப் பிறகுதான். ஹட்டன் பக்கத்தவர்கள் சித்திரைக்கு முன் வாங்கிவிட வேண்டும். மழை பிடித்த பிறகு கடைக்குப் போனால் அளவும் இராது, பேரமும் நடக்காது.

மருந்தடிக்கிறவர்கள் விடயம் வேறு. அந்த வேலைக்குரிய பூட்ஸையும் கையுறையையும் உங்கள் கைக்காசில் வாங்கக் கூடாது, நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தனியாகக் கேட்கத் தயங்கினால் நலன்புரி உத்தியோகத்தரையோ சங்கத் தலைவரையோ அழைத்துப் போங்கள். மருந்தடிக்கும்போது காற்சட்டையைப் பூட்ஸுக்குள் சொருகாமல் வெளியே விட வேண்டும். சொருகினால் வழிகிற மருந்து நேரே உள்ளே இறங்கும். அந்தப் பூட்ஸை வீட்டு இஸ்தோப்புக்குக் கொண்டு வரவேண்டாம், பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

உழைக்க வைப்பது நம் கையில்

நல்ல பூட்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் அடுப்பு. ஈரம் காய அடுப்பங்கரையில் வைப்பார்கள், சூட்டில் இறப்பர் இறுகி வெடிக்கும். வெயிலில் காய வைப்பதும் அப்படித்தான். சேற்றை வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணித்தியாலத்தில் தாளை மாற்றி, பிறகு நிழலில் இரண்டு குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் காலையில் காய்ந்திருக்கும். காலுறை இரண்டு சோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம்.

மாதம் ஒரு தடவை ஓட்டை பார்க்க வேண்டும். மேல்வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டையுள்ள இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தைப் பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மண்கடதாசியால் தேய்த்து, பழைய டியூப் துண்டையும் தேய்த்து, இரண்டிலும் சொலுஷன் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரச் சொலுஷனில் ஒட்டினால் அடுத்த மழையில் கழன்றுவிடும். இரவு முழுக்க ஒரு கல்லைப் பாரமாக வைத்துவிடுங்கள். மடிகிற இடத்தில் வெடித்ததற்கு மட்டும் ஒட்டு அதிக நாள் நிற்காது. அந்தப் பூட்ஸை மேல்பாகம் வெட்டிச் செருப்பாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் வேலைக்கு இனி அது உதவாது.

விடுமுறை நாளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கப் போகிற இளைஞர்கள் இதே பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். கரை திடீரென்று ஆழமாகும் இடங்கள் அங்கே உண்டு. தண்ணீர் நிறைந்த பூட்ஸோடு காலை உதைத்து நீந்தவும் கரையேறவும் மிகக் கஷ்டம். கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் மாலை வரை தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கைவிடுவதற்கு முன் பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தும். இரவில் பூரானும் தேளும் ஒதுங்குவதற்கு இதைவிட நல்ல வீடு அவற்றுக்குக் கிடைக்காது.