பயணத்தில் நல்ல இசை: ஹெட்போனும் பிளேயரும் வாங்க முழுமையான வழிகாட்டி

காரைக்கால்மேட்டிலிருந்து கிளம்பினால் பாதிப் பயணங்கள் நீண்டவைதான். பேருந்தில் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கு ஓர் இரவு ரயில். தங்குகடல் போகிற விசைப்படகுக்காரர்களுக்கோ நாள்கணக்கு. இவ்வளவு நேரமும் நல்ல இசை கேட்டுக்கொண்டே போகலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டாம், எதை முதலில் வாங்குவது என்று தெரிந்தால் போதும். காதில் மாட்டுவது முதலில், பாட்டுக் கோப்பு அடுத்து, பிளேயர் கடைசி. இந்த வரிசையிலேயே போவோம்.

எங்கே கேட்கப் போகிறோம்?

வீட்டில் அருமையாக ஒலிக்கும் இயர்போன், பேருந்தின் பின்சீட்டில் சப்பென்று ஆகிவிடும். டீசல் இன்ஜினின் உறுமல் தாழ்ந்த ஒலி. அது மிருதங்கத்தின் தொப்பியையும் பேஸ் கிட்டாரையும் விழுங்கிவிடுகிறது. நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம், காது வலிக்கிறது. ஆகவே பயணத்துக்கு வாங்கும் இயர்போனில் முதலில் பார்க்க வேண்டியது, வெளிச்சத்தத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதே.

தடுக்க இரண்டு வழி. ஒன்று, காதுத் துளையை ரப்பர் அல்லது நுரை முனையால் அடைப்பது. மற்றது நாய்ஸ் கேன்சலிங்: வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிர் அலையை உண்டாக்கிக் கரைப்பது. சீரான இன்ஜின் இரைச்சலை இது நன்றாகக் குறைக்கும். நடத்துநரின் விசிலையும் பக்கத்துச் சீட்டுப் பேச்சையும் அவ்வளவாகக் குறைக்காது.

எந்த வகை?

நம் கடற்கரைப் புழுக்கத்தில் காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போன் சிரமம். ஏசி ரயிலுக்கும் விமானத்துக்கும் சரி. பின்புறம் திறந்த ‘ஓப்பன் பேக்’ ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது, அது வீட்டுக்கு மட்டும். மற்ற எல்லாப் பயணத்துக்கும் காதுக்குள் செருகும் இயர்போனே நம் தேர்வு.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு முனைகள் இருக்கும். மூன்றையும் போட்டுப் பார்ப்போம். இடக்கையால் வலக்காதின் மேல்மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, வலக்கையால் செருக வேண்டும். தாழ்ந்த ஒலி சட்டென்று நிரம்பினால் அடைப்பு சரி. மெலிந்து கேட்டால் காற்று கசிகிறது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. இந்தச் சின்ன வேலையால் கிடைக்கும் தரத்தைப் பல ஆயிரம் ரூபாய்ப் பிளேயராலும் தர முடியாது. இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

வயரா, புளூடூத்தா?

ஒரே விலையில் வயர் உள்ளதுதான் பெரும்பாலும் நன்றாக ஒலிக்கும், சார்ஜும் கேட்காது. போனில் 3.5 மிமீ துளை இல்லையென்றால் சி-டைப் டாங்கிள் வாங்கிக்கொள்ளலாம். இயர்போன் பெட்டியில் மின்மறுப்பு 16 முதல் 32 ஓம் வரை என்று போட்டிருந்தால் போனே தாராளமாக இயக்கும். 250, 300 ஓம் ஸ்டூடியோ ஹெட்போன்களைத் தொட வேண்டாம்.

புளூடூத் என்றால் கோடெக்கை, அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையை, கேட்டு வாங்குவோம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் எல்டேக் உண்டு. அது 990 கேபிபிஎஸ் வரை அனுப்பும். ஐபோனில் அது கிடையாது, ஏஏசி உண்டு. போன், இயர்போன் இரண்டிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் பயன்.

பாட்டு எங்கிருந்து?

கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். ரயிலிலும் அறுந்து அறுந்து வரும். அதனால் முன்கூட்டியே இறக்கி வைப்போம். ஒலி இழக்காமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பு சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 முதல் 400 எம்பி பிடிக்கும். 128 ஜிபி மெமரி கார்டில் ஏறத்தாழ 300 மணி நேரம் அடங்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 போதாதா என்றால், ஓடுகிற பேருந்தில் தாராளமாகப் போதும். ஆனால் மோசமான எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் வீணாகும், போன ஒலி திரும்பாது.

தனி பிளேயர் தேவையா?

1979-இல் சோனியின் வாக்மேன் வந்தது, 2001-இல் ஐபாட். 2022-இல் ஐபாட் நின்றுபோனாலும் சோனி, ஃபியோ, ஷான்லிங், ஹைபி ஆகியவை இன்றும் பிளேயர் செய்கின்றன. கார்டு போடலாம், அழைப்பு குறுக்கிடாது, போனின் சார்ஜ் மிஞ்சும். தங்குகடல் போகிறவர்களுக்கு இது உண்மையான வசதி. தினமும் நாகப்பட்டினம் போய் வருகிறவருக்குப் போனும் டாங்கிளுமே போதும். ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு ஆகும்?

வயர் இயர்போனுக்கு 1,500 முதல் 3,000 ரூபாய் ஒதுக்குவோம். டாங்கிள் சில நூறிலிருந்து ஆயிரம் வரை. நாய்ஸ் கேன்சலிங் உள்ள புளூடூத் ஓரளவு நம்பிக்கையாக வேலை செய்ய 3,000-க்கு மேல் போக வேண்டும். தனி பிளேயர் 8,000-க்குக் குறைந்தால் யோசித்து வாங்குங்கள். மொத்தம் 4,000 ரூபாய்க்குள் முதல் செட்டை முடித்துவிடலாம்.

கடையில் எதைக் கேட்பது?

கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். நமக்கு மனப்பாடமான பதிவைக் கொண்டுபோவோம். நம் பக்கத்து இசையே நல்ல சோதனை. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தைப் போடுங்கள். மேல் ஸ்தாயியில் காது கூசினால் அந்த இயர்போன் உச்ச ஒலியை மிகைப்படுத்துகிறது. பழைய பதிவின் இரைச்சலை மட்டும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய பதிவு ஒன்றில் தவிலைக் கேளுங்கள்: வலந்தலையில் கூடு போட்ட விரல்களும் தொப்பியில் விழும் கம்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். குரலுக்கு நாகூர் ஹனிபா. அந்தக் கணீர்க் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் வேறு மாடல் கேளுங்கள். கடைசியாக ஓதுவார் ஒருவரின் தேவாரம், சத்தத்தைக் குறைத்து வைத்து. மெல்லிய சுருதி அப்போதும் கேட்டால் வாங்கலாம். சுரப் பெயர்களையும் இசைக்கருவிகளையும் மூத்த திருப்பதிகத்தில் அடுக்கிப் பாடிய காரைக்கால் அம்மையாரின் ஊர்க்காரர்கள் நாம். காதை நம்பித் தேர்வு செய்யலாம்.

கவனம்

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பல போன்களில் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்க வசதி உண்டு, வாங்கிய அன்றே வைத்துவிடுவோம். படகில் வலை இழுக்கும்போதும், சாலையைக் கடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிட வேண்டும்.

உப்புக்காற்று பின்னையும் துளையையும் அரித்துவிடும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வியர்வை காயாமல் சார்ஜ் பெட்டிக்குள் போட வேண்டாம். முனைகளைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். நுரை முனையைக் கழுவுவதைவிடச் சில மாதங்களில் மாற்றிவிடுவதே நல்லது.