பஞ்சரானாலும் ஓடும் டயர் நமக்கு லாபமா?



வண்டி ஓடினால்தான் கடை ஓடும் என்பது மளிகை வியாபாரிக்குத் தெரியாததல்ல. புழல், செங்குன்றம், மாதவரம், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் தொழில் செய்யும் நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்வரும் கன்டெய்னர் லாரிகள், பழைய இரும்பு ஏற்றிய வண்டிகள் இவற்றோடுதான் நம் கார்களும் ஓடுகின்றன. ஆணியும் போல்ட்டும் சாலையில் கிடப்பது இங்கே புதிதல்ல.

கார் வாங்கப்போகும் வியாபாரிகள் சிலர், "ரன்-பிளாட் டயர் போட்டால் பஞ்சர் பயமே இல்லையாமே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். விலை கூடிய சரக்கு என்பதால் தீர விசாரித்து முடிவெடுப்பது நல்லது.

டயரும் நம் ஊரும்

டயர்த் தொழில் நம் பகுதிக்கு அந்நியமானதல்ல. கே.எம். மாம்மென் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் டயர் ரீட்ரெடிங் ரப்பரும், 1961 முதல் டயரும் என்று வளர்ந்ததுதான் எம்.ஆர்.எப். நிறுவனம்.

அந்தக் காலத்து டயரின் உள்ளே டியூப் இருக்கும். ஆணி ஏறினால் டியூப் கிழிந்து காற்று சட்டென்று இறங்கிவிடும். இன்றைய கார்களில் டியூப்லெஸ் டயரே வழக்கம். டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகப் பிடித்துக் காற்றைக் காக்கிறது. ஆணி ஏறினாலும் அது பிடுங்கப்படாமல் இருக்கும் வரை காற்று மெதுவாகவே கசியும். அதற்குள் பஞ்சர் கடையைப் பிடித்துவிடலாம்.

ரன்-பிளாட் எப்படி வேலை செய்கிறது?

சாதா டயரில் காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுதான். காற்று போனால் பக்கச்சுவர் மடிந்து, ரிம்மே டயரை அறுத்துவிடும். ரன்-பிளாட் டயரில் பக்கச்சுவரைக் கெட்டியான ரப்பரால் தடிப்பாகச் செய்திருப்பார்கள். காற்று முழுதும் போனாலும் அந்தச் சுவர் காரைத் தாங்கி நிற்கும். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல், 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம் என்பது கணக்கு. பாரம் கூடினால் தூரம் குறையும்.

சுவர் மடியாததால் காற்று போனது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி காரில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத காரில் இந்த டயரைப் போடக்கூடாது. ஒரே காரில் இரண்டு ரகத்தையும் கலந்து போடுவதும் தவறு.

வரவும் செலவும்

நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதா டயர் 6,000 ரூபாய், ரன்-பிளாட் 12,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சாதா டயர் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து, ஆக 30,000. ரன்-பிளாட் நான்கு, ஆக 48,000. வித்தியாசம் 18,000 ரூபாய். பஞ்சர் ஒட்ட 200 ரூபாய் என்றால், 90 பஞ்சருக்கான பணம் அது.

கணக்கு அதோடு முடியவில்லை. காற்றில்லாமல் ஓடிய ரன்-பிளாட் டயரின் பக்கச்சுவர் உள்ளே வெந்து கெட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. எனவே அதைப் பஞ்சர் ஒட்டி மறுபடி ஓட்ட வேண்டாம் என்றே பல நிறுவனங்கள் சொல்கின்றன. ஓர் ஆணிக்கு ஒரு டயர் போய்விடும். சுவர் விறைப்பாக இருப்பதால் சாதாரண பஞ்சர் கடையில் கழற்றி மாட்டுவதும் கடினம். பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி ரிம்முக்கும் நம் முதுகுக்கும் கூடுதலாக வரும். மழைக்காலத்து மணலி சாலையை நினைத்தால் இது புரியும்.

பணத்தால் அளக்க முடியாதது

இப்படிப் பார்த்தால் ரன்-பிளாட் நஷ்டமான சரக்கு என்றே தோன்றும். ஆனால் ஐந்தொகையில் ஏறாத ஒரு செலவு உண்டு. பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை வரும் சென்னை பைபாஸ் 32 கிலோமீட்டர். இரவு நேரத்தில் அதன் ஓரத்தில் காரை நிறுத்தி, ஜாக்கி போட்டு, குனிந்து போல்ட் கழற்றுபவரை வேகமாக வரும் லாரி டிரைவர் பார்ப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரன்-பிளாட் இருந்தால் நிற்காமல் அந்தச் சாலை முழுவதையும் கடந்து வீடு சேர்ந்துவிடலாம். உண்மையில் அந்த 18,000 ரூபாய் இதற்காகத்தான்.

அதற்கும் எல்லை உண்டு. அரிசிக் கொள்முதலுக்காகச் செங்குன்றத்திலிருந்து நெல்லூர் போகிறவருக்கு ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நடுவழியில் பஞ்சரானால் 80 கிலோமீட்டர் என்பது ஏதாவது ஒரு முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சிற்றூரில் அந்த அளவு டயர் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் பழைய ஸ்டெப்னியே தெய்வம்.

யாருக்கு எது?

1. கடைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் கார் ஓட்டுபவருக்கு நல்ல டியூப்லெஸ் டயரும் காற்றுள்ள ஸ்டெப்னியும் போதும்.

2. சரக்கு ஏற்றும் குட்டி யானை, பிக்கப் போன்ற வண்டிகளுக்கு ரன்-பிளாட் பேச்சே வேண்டாம். பாரத்துக்கென்று செய்த டயரைத்தான் போட வேண்டும்.

3. இரவில் தனியாக அதிகம் பயணம் செய்பவர், டயர் மாற்ற உடல்வலு இல்லாத வயதானவர், பெண்கள் ஓட்டும் குடும்பம் ஆகியோர், கம்பெனியே ரன்-பிளாட் போட்டுக் கொடுத்த காராக இருந்தால் அதையே தொடரலாம்.

4. மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. சாதா டியூப்லெஸ் டயரோடு, காற்றழுத்தம் காட்டும் கருவியும் காரிலேயே செருகி ஓட்டும் சிறிய கம்ப்ரெஸரும் வாங்கி வைத்தால் பாதிக் கவலை தீரும்.

வாங்கும் முன் கவனிக்க

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் கார்களைப் பூட்டி வருகிறது. அந்நிறுவனத்தின் பல கார்கள் ரன்-பிளாட் டயரோடு விற்பனைக்கு வந்தவை. இத்தகைய கார் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர், முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் செலவுக்குப் பயந்து சாதா டயருக்கு மாற்றியிருந்தால், ரன்-பிளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை என்ற நிலையாகிவிடும்.

புதுக் கார் வாங்குவோரும் இதைக் கேட்க வேண்டும். டியூப்லெஸ் டயர், அழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் இவை இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பழைய ஸ்டாக்கை நம் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அதையும் சரிபாருங்கள்.

எந்த டயரானாலும்

மாதம் இருமுறை, டயர் சூடேறும் முன் காற்று பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். 26 கிலோ அரிசி மூட்டை பத்து ஏற்றினால் 260 கிலோ. கார் டிக்கி அதற்கானதல்ல. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

பைபாஸில் பஞ்சரானால் ஓடுபாதையில் நிற்காதீர்கள். டயரும் ரிம்மும் வீணானாலும் பரவாயில்லை, மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, காரை விட்டு இறங்கித் தள்ளி நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

போன டயரைக் கொடுத்து வேறு டயர் வாங்கலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நம்மைத் திருப்பித் தர எந்தக் கடையும் இல்லை. டயர் வாங்கும்போது விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.