நீர் வடிந்தால் தெரியும் ஊர்

கேள்வி: மேட்டூர் அணைக்குள் மூழ்கிய ஊர்களின் எச்சங்களைப் பார்க்க முடியுமா?
– வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: முடியும், நீர்மட்டம் இறங்கினால். 1934-இல் கட்டி முடித்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் எழுபது அடியை ஒட்டிக் குறையும்போது, பண்ணவாடி அருகே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தி சிலை வெளியே வரும். பழைய கிறிஸ்தவ தேவாலயக் கோபுரமும் தெரியும். நாளிதழில் அன்றாட நீர்மட்டம் பார்த்துவிட்டு, சேலம் வழியாகக் கொளத்தூர்ப் பக்கம் போங்கள். வடிந்த நிலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் பயிர் வைத்திருப்பார்கள். வரப்பில் மட்டும் நடங்கள். மேலே காய்ந்த வண்டல், உள்ளே சேறு. உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்கவே வேண்டாம். நந்தியின் மேல் ஏறிப் படமெடுக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் ஏறாதீர்கள். வீடும் குலதெய்வமும் விட்டுப் பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கும்பிட வருகிறார்கள்.