வகுத்துப் பார்க்காமலே தெரியும்

“உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு” என்று 2024 அக்டோபரில் ஒரு செய்தி ஓடியது. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு. எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் அமெரிக்கரான லூக் டுரான்ட்.

தலைப்பு விழுங்கிய சொல் ஒன்று உண்டு: ‘தெரிந்தவற்றில்’. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஓர் எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே பகா எண் ஒன்றாவது இருக்கும் என்று செபிஷேவ் நிறுவினார். அதற்குச் சுருக்கமான நிரூபணத்தை 1919-இல் தந்தவர் நம் ராமானுஜன். அந்தக் கணக்குப்படி, ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒன்று என்று எண்ணினால், 2018-இல் கிடைத்த முந்தைய சாதனை எண்ணுக்கும் இதற்கும் நடுவில் மட்டும் குறைந்தது 5 கோடியே 36 லட்சம் பகா எண்கள் ஒளிந்திருக்கின்றன.

“அவ்வளவு பெரிய எண்ணை எத்தனை எண்களால் வகுத்துப் பார்த்தார்களோ!” என்பது அடுத்த வியப்பு. வகுத்து முடிவுசெய்யவே இல்லை. பிரபஞ்சத்து அணுக்களை எண்ணச் சுமார் 80 இலக்கம் போதும். வகுத்துப் பார்க்க வேண்டிய எல்லை இந்த எண்ணின் வர்க்கமூலம்; அதற்கே 2 கோடி இலக்கம் வேண்டும். வகுத்து மாளாது.

லூக்கா, லெமர் என்ற இருவர் பெயரால் வழங்கும் சோதனை வேறு வழியில் போகிறது. சின்ன உதாரணம், 127. அது 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 4, 14, 67, 42, 111 என்று போகும். 111-இன் வர்க்கம் 12,321. 2 போனால் 12,319. அது மிச்சமில்லாமல் 127 × 97. ஐந்தாவது தடவையில், அதாவது 7-இல் 2 குறைந்த தடவையில், மீதி 0. எனவே 127 பகா எண். கரண்ட் பில்லின் பின்பக்கம் போதும், நான் அதில்தான் போட்டேன். 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கே இந்தச் சலுகை. சாதனைப் பட்டியலின் உச்சியை இந்தக் குடும்பம் பிடித்து வைத்திருப்பது அதனால்தான்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தான் என்று நினைப்பவர்கள் 11-ஐப் போட்டுப் பார்க்கட்டும். 2047 வரும்; அது 23 × 89. பகா எண் தரும் அடுக்குகள் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் தந்த பட்டியலிலேயே 67-ஆம் அடுக்கு தவறாக இடம்பிடித்திருந்தது. அந்த எண் பகா எண் அல்ல என்று 1876-இல் லூக்கா காட்டினார். எதனால் வகுபடும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது! 1903-இல்தான் பிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் அதை 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று உடைத்தார். ஓர் எண் உடையுமா என்று அறிவது ஒரு வேலை, உடைப்பது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவே 27 வருடம்.

வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டு தொங்குவது இந்த இடைவெளியில்தான். “அப்படியானால் புதிய எண் வங்கிக்குப் பயன்படுமே?” படாது. அங்கே வேண்டியவை சுமார் 300 இலக்கமுள்ள, யாருக்கும் தெரியாத இரண்டு பகா எண்கள். ஊருக்கே தெரிந்த சாவியை வைத்து எந்தக் கதவைப் பூட்டுவது?

டுரான்டுக்குப் பரிசாகக் கிடைத்தது 3,000 டாலர். 10 கோடி இலக்கத்தை முதலில் தொடுபவருக்கென்று அறிவித்த 1,50,000 டாலர் இன்னும் அப்படியே இருக்கிறது.