கேட்டதை மட்டும் தரும் கணிப்பொறி

முன்னுரை

தமிழ்நாட்டுப் படம் வரைந்து, மாவட்டங்களைக் குறித்து, கடலுக்கு நீல வண்ணம் தீட்டுவது நம் எல்லோருக்கும் பழகிய வேலை. இன்று வரைபடங்கள் பெரும்பாலும் கணிப்பொறியிலேயே உருவாகின்றன. அங்கே படத்திற்குப் பின்னால் ஒரு பட்டியல் மறைந்திருக்கிறது. படத்திலுள்ள ஒவ்வோர் இடத்திற்கும் அப்பட்டியலில் ஒரு வரிசை உண்டு. அவ்விடத்தின் பெயர், மக்கள்தொகை, பரப்பு முதலிய செய்திகள் அவ்வரிசையில் அடங்கியிருக்கும். படமும் பட்டியலும் இணைந்த இந்த ஏற்பாட்டிற்குப் புவித்தகவல் முறை என்று பெயர். சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பர்.

இப்பட்டியலிலிருந்து வேண்டிய வரிசைகளை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி, அதில் நாம் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம். புயல் எச்சரிக்கை எந்த ஊருக்குப் போக வேண்டும், நிவாரண அரிசி எந்த ஊருக்குச் சேர வேண்டும் என்பதெல்லாம் பல நேரங்களில் ஒரு பட்டியலைப் பார்த்தே முடிவாகின்றன. ஆகவே இது கணிப்பொறிப் பாடம் மட்டுமன்று, பிறர் நலம் பற்றிய பாடமும் ஆகும்.

ஒரு சிறு பட்டியல்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஆறினை எடுத்துக்கொள்வோம். முதற் பத்தி மாவட்டம், இரண்டாம் பத்தி மக்கள், மூன்றாம் பத்தி கடற்கரை உண்டா இல்லையா என்பது.

நாகப்பட்டினம் – 16,16,450 – உண்டு
தஞ்சாவூர் – 24,05,890 – உண்டு
நீலகிரி – 7,35,394 – இல்லை
தர்மபுரி – 15,06,843 – இல்லை
கன்னியாகுமரி – 18,70,374 – உண்டு
இராமநாதபுரம் – 13,53,445 – உண்டு

ஆறு வரிசை என்றால் கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களின் பட்டியலில் பதினையாயிரத்திற்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டு. அங்கே கண்ணும் கையும் சோர்ந்துபோகும். ஆகவே கணிப்பொறிக்கு நம் தேவையை எழுதிக் கொடுக்கிறோம். அப்படி எழுதிய கட்டளைத் தொகுப்பிற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். எழுதிய கட்டளையை நாளையும் பயன்படுத்தலாம். வேறொருவர் படித்துப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லவும் முடியும். கையால் பொறுக்கிய பட்டியலில் இந்த வசதி கிடையாது.

கட்டளை எழுதும் முறை

கியூ.ஜி.ஐ.எஸ். என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு வரைபட மென்பொருள். இதனை 2002 ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். இதற்குள் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் கட்டளை எழுதலாம். பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். அது வெளிவந்த ஆண்டு 1991. ஆங்கில எழுத்தில் எழுத வேண்டிய கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம்.

லேயர் = ஐஃபேஸ்.ஆக்டிவ்லேயர்()
லேயர்.செலக்ட்பைஎக்ஸ்பிரஷன்(' "மக்கள்" > 1500000 ')
பிரிண்ட்(லேயர்.செலக்டட்ஃபீச்சர்கவுண்ட்())

முதல் வரி, நாம் திறந்து வைத்துள்ள படத்தைக் கையில் எடுக்கிறது. இரண்டாம் வரி, மக்கள்தொகை பதினைந்து இலட்சத்திற்கு மேற்பட்ட வரிசைகளைத் தெரிவு செய்கிறது. மூன்றாம் வரி, எத்தனை வரிசைகள் தேறின என்று சொல்கிறது. நம் சிறு பட்டியலுக்கு விடை 4. நாகப்பட்டினம், தஞ்சாவூர், தர்மபுரி, கன்னியாகுமரி ஆகிய நான்கும் படத்தில் மஞ்சள் நிறமாக மாறி நிற்கும்.

இங்கே இரண்டு செய்திகளை நினைவிற் கொள்வோம். பத்தியின் பெயரை இரட்டை மேற்கோளிலும், நாம் தேடும் சொல்லை ஒற்றை மேற்கோளிலும் எழுத வேண்டும். "கடற்கரை" = 'உண்டு' என்பது சரியான வடிவம். மேலும், இலட்சம் ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளிகளை எண்ணுக்குள் போடக்கூடாது.

மூன்று சிறு சொற்கள்

ஒரு நிபந்தனை போதாதபோது ஆண்டு, ஆர், நாட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்கள் உதவுகின்றன. இவற்றைத் தமிழில் "மேலும்", "அல்லது", "அல்லாத" எனலாம். மக்கள் பதினைந்து இலட்சத்திற்கு மேல், மேலும் கடற்கரை உண்டு என்று கேட்டால் இரண்டும் பொருந்தும் மூன்று மாவட்டங்கள் வரும். "மேலும்" இருந்த இடத்தில் "அல்லது" என்று போட்டால் ஐந்து வரும். நீலகிரி மட்டும் நிற்கும்.

இம்மூன்று சொற்களையும் கணிதமாக்கிக் காட்டியவர் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேய அறிஞர். சிந்தனையின் விதிகளைப் பற்றிய அவரது நூல் 1854 இல் வெளிவந்தது. அவருடைய மனைவி மேரி எவரெஸ்ட் பூல். கல்லூரிக்குச் செல்ல வாய்ப்பில்லாத காலத்தில் தாமே முயன்று கணிதம் கற்று, குழந்தைகளுக்குக் கணிதம் புகட்டும் முறை பற்றி நூல்கள் எழுதியவர். இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக விளங்கிய ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழிப் பெண் இவர். எவரெஸ்ட் நடத்திய மாபெரும் முக்கோண நில அளவையோ, 1802 இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. புனித தோமையாரின் பெயர் தாங்கிய அம்மலையடியில் தொடங்கிய நில அளவையும், பூலின் தருக்கமும் ஒரே குடும்பத்தில் சந்தித்தன! இன்று அவை இரண்டும் நம் கணிப்பொறித் திரையிலும் சந்திக்கின்றன.

வழுக்கும் இடங்கள்

கணிப்பொறி நாம் கேட்டதைத் தரும். நாம் மனத்தில் நினைத்ததை அது அறியாது. ஆகவே வழுக்கும் இடங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, நம் பேச்சு வழக்கு. "நாகப்பட்டினத்தையும் கன்னியாகுமரியையும் எடு" என்று சொல்வது நமக்கு இயல்பு. அந்த "உம்" விகுதியை நம்பி, மாவட்டம் நாகப்பட்டினம் மேலும் மாவட்டம் கன்னியாகுமரி என்று எழுதினால் ஒரு வரிசையும் வராது. ஒரே மாவட்டம் ஒரே நேரத்தில் இரண்டு பெயர் உடையதாக இருக்க முடியாது அல்லவா? இங்கே "அல்லது" என்றே எழுத வேண்டும்.

இரண்டாவது, அடைப்புக்குறி. "மேலும்" என்பதைக் கணிப்பொறி முதலில் கணக்கிடும். "அல்லது" என்பதைப் பிறகே பார்க்கும். நீலகிரி அல்லது நாகப்பட்டினம் மேலும் மக்கள் இருபது இலட்சத்திற்கு மேல் என்று எழுதினால், ஏழு இலட்சம் மக்களே உள்ள நீலகிரி தேறிவிடும். முதலிரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்தால்தான் நாம் கருதிய பொருள் கிடைக்கும். கணக்கில் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் உள்ள முறை போன்றதே இது.

மூன்றாவது, எண்ணைப் போல் தோன்றும் எழுத்து. மக்கள்தொகையைக் காற்புள்ளியோடு எழுத்தாகப் பதிந்துவிட்டால், அகராதியில் சொற்களை ஒப்பிடுவது போல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 7 என்பது 2 ஐ விடவும் 1 ஐ விடவும் பெரிது. ஆகவே '7,35,394' உடைய நீலகிரி, தஞ்சாவூரையும் முந்திக்கொண்டு முதலிடம் பெற்றுவிடும்!

நான்காவது, எழுத்துப் பிழையும் பல பெயர்களும். நாகப்பட்டினம் என்று தேடும்போது "நாகப்பட்டிணம்" என்று பதிந்த வரிசை அகப்படாது. "நாகை" என்பதும் அகப்படாது. தூத்துக்குடிக்கு டூட்டிக்கொரின் என்றும், தரங்கம்பாடிக்கு டிராங்குபார் என்றும் வேறு பெயர்கள் வழங்கின. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டு, அம்மாதத்திலேயே திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயர் எழுதுவது அத்தனை எளிதன்று. இதற்கு லைக் என்னும் சொல் ஓரளவு உதவும். லைக் '%ராமநாதபுரம்' என்று எழுதினால், முன்னால் "இ" இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டும் வந்துவிடும்.

ஐந்தாவதே மிகவும் ஏமாற்றுவது. அது வெற்றுக் கட்டம். இராமநாதபுரத்தின் கடற்கரைக் கட்டத்தைப் பதிவு செய்தவர் நிரப்பாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை உண்டு என்று கேட்டால் மூன்று வரிசை வரும். சரி, "உண்டு" என்பதற்குச் சமமல்லாதவை எவை என்று கேட்டால்? நீலகிரி, தர்மபுரி என இரண்டே வரும். மூன்றும் இரண்டும் ஐந்து. பட்டியலிலோ ஆறு! இராமநாதபுரம் உண்டு என்பதிலும் இல்லை, இல்லை என்பதிலும் இல்லை. வெற்றிடத்தை எதனோடு ஒப்பிட்டாலும் விடை தெரியாது என்பதே கணிப்பொறியின் முறை. விடை தெரியாததை அது தெரிவு செய்யாது. ஈஸ் நல் என்று தனியாகக் கேட்டால்தான் அவ்வரிசை வெளிப்படும். நீண்ட கடற்கரையுடைய ஒரு மாவட்டம், ஒரு கட்டம் காலியாக இருந்ததால் சத்தமில்லாமல் மறைந்துபோகிறது.

பெயர் மாறும், இடம் மாறாது

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ரா அருகே எழுந்த சுனாமி நம் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களுள் அடங்குவர். தரங்கம்பாடி, பூம்புகார் ஆகிய ஊர்களும் அப்போது அம்மாவட்டத்திலேயே இருந்தன.

2020 ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிக்கப்பட்டு 38 ஆவது மாவட்டமாயிற்று. தரங்கம்பாடியும் பூம்புகாரும் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. சுனாமியால் பாதிக்கப்பட்ட ஊர்களைத் தேடுகிறோம் என்று எண்ணி, இன்றைய பட்டியலில் மாவட்டம் நாகப்பட்டினம் என்று மட்டும் கேட்டால் அவ்வூர்கள் வாரா. கட்டளையில் பிழை இராது; கணிப்பொறியும் குறை சொல்லாது. ஆனால் பெருந்துயர் பட்ட ஊர்கள் விடுபட்டுப்போகும்.

காஞ்சிபுரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 2011 இல் அது கடற்கரை மாவட்டம். 2019 இல் செங்கல்பட்டு பிரிந்தபோது கடற்கரை முழுவதும் செங்கல்பட்டோடு போய்விட்டது. பழைய பட்டியலை நம்பினால், கடலில்லாக் காஞ்சிக்குக் கடல் எச்சரிக்கை போகும். கடலோரச் செங்கல்பட்டிற்குப் போகாது. இன்று கடற்கரை மாவட்டங்கள் 14. 2011 இல் 13.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெயரை விட்டு எண்ணால் தேடுவது. 2011 கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்திற்கும் ஆறு இலக்க எண் ஒன்றை அளித்துள்ளது. எழுத்துப் பிழை அதனை ஒன்றும் செய்யாது. மற்றொன்று, படத்தையே கேட்பது. கடற்கரைக் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களைத் தெரிவு செய் என்று சொல்லலாம். மாவட்டம் மாறினாலும், பெயர் மாறினாலும், தரங்கம்பாடி கடற்கரையிலேயே இருக்கிறது. பட்டியலோடு படமும் சேர்ந்திருப்பதன் பயன் இதுவே.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. தெரிவு செய்யுமுன் பட்டியலில் மொத்தம் எத்தனை வரிசைகள் என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.
2. வந்தவை எத்தனை, வராதவை எத்தனை, வெற்றுக் கட்டம் உடையவை எத்தனை என்று தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றும் சேர்ந்து மொத்தத்திற்குச் சமமாக வேண்டும்.
3. நமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு, அது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
4. பட்டியல் எந்த ஆண்டிற்குரியது என்பதைத் தலைப்பிலேயே குறிக்க வேண்டும்.
5. எழுதிய கட்டளையை அழிக்காமல் பட்டியலோடு சேர்த்து வைக்க வேண்டும். விடுபட்டவர் வந்து கேட்டால் காரணம் காட்ட அதுவே சான்று.

முடிவுரை

தெரிவான வரிசைகள் மஞ்சள் நிறத்தில் ஒளிர்கின்றன. நம் கண் அவற்றையே பார்க்கிறது. விடுபட்ட வரிசை எழுந்து நின்று குரல் கொடுப்பதில்லை. அந்த வரிசையில் ஒரு கிராமம் இருக்கலாம். அக்கிராமத்தில் நம் வயதுப் பெண் ஒருத்தி இருக்கலாம். நல்ல ஆயன் தன் நூறு ஆடுகளை எண்ணிப் பார்த்ததனால்தான் ஒன்று குறைவதை அறிந்தான். தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று அவன் மனநிறைவு கொள்ளவில்லை. கணிப்பொறி முன் அமரப்போகும் நாமும் அவ்வாறே எண்ணிப் பார்ப்போம். வந்தவற்றை ஒரு முறை எண்ணினால், வராதவற்றை இரு முறை எண்ணுவோமாக!